கோடிங் பாதி, கடை மீதி! - உங்கள் முதல் ஆப்பை பிளே ஸ்டோர் வரை கொண்டுபோவது எப்படி?

வியட்நாமின் ஹனோய் நகரத்தில் இருந்த டாங் நுயென் என்ற இளைஞர், 2013 மே மாதம் ஒரு குட்டி கேமை வெளியிட்டார். திரையைத் தட்டினால் பறவை எழும்பும், விட்டால் விழும், நடுவில் பச்சைக் குழாய்கள். அவ்வளவுதான் மொத்த கேமும். ஆறேழு மாதம் யாரும் கண்டுக்கவே இல்லை. 2014 ஜனவரியில் திடீரென்று பல நாடுகளின் ஆப் ஸ்டோர்களில் அது முதலிடத்துக்கு வந்தது. விளம்பரத்தில் மட்டும் நாளைக்கு 50,000 டாலர் வருகிறது என்று செய்திகள் வந்தன. அதுதான் ‘ஃப்ளாப்பி பேர்ட்’.

அடுத்த மாதமே அதைக் கடையில் இருந்து அவரே தூக்கிவிட்டார். சும்மா இருக்கும்போது சில நிமிடம் விளையாடத்தான் அதைச் செய்தேன், ஆனால் ஜனங்கள் அதற்கு அடிமையாகிவிட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். போதாக்குறைக்கு மீடியா துரத்தல் வேறு. கேமைச் செய்ய அவருக்குப் பிடித்தது இரண்டு, மூன்று நாள்தான். வெளியிட்ட பிறகு வந்ததைத்தான் சமாளிக்க முடியவில்லை.

இங்கே நம்மில் பலருக்கும் கதை இதற்கு நேர் எதிர். யூடியூப் பார்த்து பாதி ஆப் செய்துவிடுவோம். மீதி லேப்டாப்பில் தூங்கும். ஏன்? கோடிங் தெரியாததால் அல்ல. கோடிங் முடிந்த பிறகு இன்னொரு பாதி வேலை இருக்கிறது என்று யாரும் சொல்லித் தராததால். அந்த இரண்டு பாதியையும் வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

ஐடியா: உள்ளங்கை அளவு போதும்

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். பல்லாங்குழி. இரண்டு வரிசை, வரிசைக்கு 7 என்று மொத்தம் 14 குழிகள், இரண்டு பேர் ஆட்டம். முதல் கேமுக்கு இதைவிட நல்ல ஐடியா கிடைப்பது கஷ்டம். ஏனென்றால் விதிகள் ஏற்கெனவே தயார், யாருக்கும் சொந்தமில்லை, ஒரே திரையில் முடிந்துவிடும்.

ஆனால் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால்தான் சிக்கல் தெரியும். குழிக்கு 5 காயா, 6 காயா? கடைசிக் காய் விழுந்ததும் அடுத்த குழி காலியாக இருந்தால் என்ன செய்வது? ஒரு குழியில் 4 சேர்ந்தால் ‘பசு’ என்று எடுக்கலாமா? அம்மாச்சியிடம் கேட்டால் ஒரு பதில், பெரியம்மாவிடம் கேட்டால் வேறு பதில். மனிதர்கள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டருக்கு ஒவ்வொன்றையும் நீங்கள்தான் சொல்லவேண்டும். அதனால் லேப்டாப்பைத் திறக்கும் முன் ஒரு தாளில் விதிகளை எழுதுங்கள். எழுத முடியாத விதியைக் கோடிங் செய்யவும் முடியாது.

அதே தாளின் பின்பக்கம் ‘முதல் பதிப்பில் இருக்காது’ என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஆன்லைனில் ஆடுவது இருக்காது. லாகின் இருக்காது. காயின், லெவல், ஸ்பின் வீல் எதுவும் இருக்காது. ஒரே போனை மாற்றி மாற்றி இரண்டு பேர் ஆடலாம், அவ்வளவுதான். பாதியில் நிற்கும் ஆப்களில் பெரும்பாலானவை இந்தப் பின்பக்கத்தை எழுதாதவைதான்.

முதல் முயற்சியே ஹிட் ஆகணும் என்ற எண்ணத்தையும் இப்போதே இறக்கி வைத்துவிடுங்கள். ‘ஆங்ரி பேர்ட்ஸ்’ 2009 டிசம்பரில் வந்தது. அது ஃபின்லாந்தின் ரோவியோ நிறுவனம் செய்த 52-வது கேம். அதற்கு முந்தைய 51-ல் எத்தனை பெயர் நமக்குத் தெரியும்?

கருவி: எதில் செய்வது?

இந்தக் கேள்வியிலேயே ஆறு மாதம் ஓட்டுபவர்கள் உண்டு. சுருக்கமாக இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

ஆண்ட்ராய்டு மட்டும் போதும் என்றால், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் காட்லின் மொழியும். கூகுளே முதன்மையாகப் பரிந்துரைக்கும் வழி இது. ஒரே கோடில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் வேண்டும் என்றால், டார்ட் மொழியில் எழுதும் ஃப்ளட்டர் அல்லது ஜாவா ஸ்கிரிப்ட் தெரிந்தவர்களுக்கு ரியாக்ட் நேட்டிவ். கேம் என்றால் யூனிட்டி அல்லது கோடோ. கோடிங் வாசமே இல்லாதவர்களுக்கு, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் நடத்தும் ஆப் இன்வென்டர் இருக்கிறது. கட்டைகளை இழுத்து அடுக்கினாலே ஆப் ஆகிவிடும். இவை எல்லாவற்றையும் காசு கொடுக்காமலே ஆரம்பிக்கலாம்.

கேம் பக்கம் போகிறவர்கள் ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 2023 செப்டம்பரில், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கேம்களுக்கு ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று யூனிட்டி அறிவித்தது. உலகம் முழுக்க டெவலப்பர்கள் கொதித்தார்கள். ஒரு வருடம் கழித்து, 2024 செப்டம்பரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அந்த நேரத்தில் பலர் திரும்பிப் பார்த்தது கோடோவை. அது ஓப்பன் சோர்ஸ். ராயல்டி கிடையாது. இறக்கிய உடனே திறக்கலாம், இன்ஸ்டால் செய்யும் வேலைகூட இல்லை. ஆண்ட்ராய்டுக்கான ஃபைலாக மாற்றும்போது மட்டும் ஆண்ட்ராய்டு எஸ்டிகே தேவைப்படும். பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களின் பல்லாங்குழிக்கு இதுவே தாராளம்.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்கு 8 ஜிபி ராம் குறைந்தபட்சம், 16 இருந்தால் நிம்மதி. முதல் நாள் பல ஜிபி டவுன்லோடு ஆகும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆரம்பித்தால் அன்றைய டேட்டா கோவிந்தா! கம்ப்யூட்டருக்குள்ளேயே போனைக் காட்டும் எமுலேட்டர் லேப்டாப்பை மூச்சு வாங்க வைக்கும். அதற்குப் பதில் உங்கள் போனையே கேபிளில் மாட்டிவிடுங்கள். செட்டிங்ஸில் ‘பில்ட் நம்பர்’ என்று இருப்பதை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்தால் எழுதிய கோடு நேராகப் போனில் ஓடும். சொந்தப் போனில் சொந்த ஆப் முதல்முறை திறக்கும் அந்த நிமிடம் இருக்கே... அதை அனுபவிச்சாத்தான் தெரியும்.

‘ஏஐ-யே எழுதித் தருதே, நான் எதுக்குக் கத்துக்கணும்?’ என்று கேட்கலாம். எழுதித் தரும், உண்மைதான். பசு எடுத்த பிறகு காய் எண்ணிக்கை ஒன்று குறைகிறது என்று ஒருநாள் யாராவது சொல்வார்கள். அன்று அந்தக் கோடைப் படித்து, எந்த வரியில் தப்பு என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள், ஆனால் புரியாத வரியை உள்ளே விடாதீர்கள்.

உங்க போனில் ஓடினா போதுமா?

போதாது. ஆட்டத்தின் நடுவே போன் கால் வந்தால் என்ன ஆகும்? பேசிவிட்டுத் திரும்பி வரும்போது காய்கள் அப்படியே இருக்கணும். ஆண்ட்ராய்டு மெமரி தேவைப்பட்டால் பின்னால் இருக்கும் ஆப்பை மூடிவிடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நிலையைச் சேமித்து வைப்பதுதான் இதற்கு மருந்து.

அடுத்து தமிழ். ‘பிளே’ என்று இரண்டு எழுத்தில் அடங்கும் பட்டன், ‘விளையாடத் தொடங்கு’ என்றால் இரண்டு வரி ஆகும். பாதி எழுத்து வெட்டுப்பட்டு நிற்கும். போனில் எழுத்து அளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் அப்பா, அம்மா போனில் இன்னும் மோசம். பட்டன்களை அகலமாக விடுங்கள். சின்னப் பட்டனை விரல் தவறவிடும். பழைய, விலை குறைந்த போன் ஒன்றில் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். உங்கள் ஆப்பைப் பயன்படுத்தப்போகிறவர் கையில் இருப்பது அதுவாகத்தான் இருக்கும்.

இப்போதான் கடைக் கதவு

பிளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க 25 டாலர். ஒருமுறை கட்டினால் போதும். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், அடையாளச் சான்றும் கேட்பார்கள். ஆப்பிளில் வருடா வருடம் 99 டாலர். ஐபோன் ஆப்பை உருவாக்கி அனுப்ப எக்ஸ்கோட் வேண்டும், அது மேக் கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும். அதனால்தான் நம் ஊரில் பெரும்பாலும் முதல் ஆப் ஆண்ட்ராய்டில் பிறக்கிறது.

கணக்குத் தொடங்கும்போது யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. தனிநபர் கணக்கில் ஸ்டோர் வழியாக எதையாவது விற்க ஆரம்பித்தால், உங்கள் முழு முகவரி ஆப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வரும். வீட்டு முகவரி ஊருக்கே தெரிவதில் தயக்கம் இருப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், முதல் ஆப்பை இலவசமாகவே விடலாமா என்று கணக்குத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

அடுத்ததுதான் பலர் முட்டிக்கொள்ளும் சுவர். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், ஆப்பை நேராக எல்லோருக்கும் வெளியிட முடியாது. குறைந்தது 12 பேர், தொடர்ந்து 14 நாட்கள் சோதனைக் குழுவில் இருக்க வேண்டும். முதலில் இது 20 பேராக இருந்தது, 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். நடுவில் ஒருவர் விலகி எண்ணிக்கை 12-க்குக் கீழே போனால் கணக்கு உதைக்கும். அதனால் 15, 16 பேரைச் சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம். 14 நாள் முடிந்ததும், யார் சோதித்தார்கள், என்ன சொன்னார்கள், எதை மாற்றினீர்கள் என்று கூகுள் கேட்கும். பதில் எழுதி விண்ணப்பித்த பிறகுதான் கதவு திறக்கும்.

காசு கொடுத்தால் 12 டெஸ்டர் தருகிறோம் என்று டெலிகிராமில் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். கணக்குக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், இந்த 14 நாள்தான் உங்கள் ஆப்புக்குக் கிடைக்கும் ஒரே ஒத்திகை. சித்தி பையன், ஹாஸ்டல் ரூம்மேட், எதிர்வீட்டு அக்கா, பல்லாங்குழி தெரிந்த அம்மாச்சி என்று உண்மையான ஆட்களிடம் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்காதீர்கள். அவர்கள் எந்த இடத்தில் விரலை வைத்து முழிக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ‘என்னப்பா இது, என் பசுவை எடுக்கவே விடலை’ என்று அம்மாச்சி சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக எந்த யூடியூப் வகுப்பும் இல்லை.

கடையில் கேட்கும் காகிதங்கள்

ஆப்பை ‘ஆப் பண்டில்’ என்ற வடிவத்தில் ஏற்ற வேண்டும். 2021 ஆகஸ்டில் இருந்து புதிய ஆப்களுக்கு இதுதான் விதி. ஏற்றும் முன் உங்கள் டிஜிட்டல் சாவியால் கையெழுத்திட வேண்டும். இந்தச் சாவி தொலைந்தால் புதிது கேட்டு வாங்க முடியும், ஆனால் அதுவரை அப்டேட் நின்றுவிடும். சாவியையும் பாஸ்வேர்டையும் லேப்டாப் தவிர இன்னொரு இடத்திலும் வைத்திருங்கள். கணக்குத் தொடங்கிய ஜிமெயிலுக்கு இரண்டு அடுக்குப் பாதுகாப்பு போடுங்கள். அந்த மெயில் போனால் எல்லாம் போச்சு.

ஒவ்வொரு ஆப்புக்கும் ‘பேக்கேஜ் நேம்’ என்று ஒரு உள்பெயர் உண்டு. வெளியே காட்டும் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உள்பெயரை வெளியிட்ட பிறகு மாற்றவே முடியாது. ‘டெஸ்ட்1’, ‘மைஆப்’ என்று விளையாட்டாக வைத்தது காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும்.

பிரைவசி பாலிசி கட்டாயம். எந்தத் தகவலையும் சேகரிக்காவிட்டாலும், சேகரிக்கவில்லை என்று எழுதி ஒரு இணையப் பக்கத்தில் போட வேண்டும். பிறகு ‘டேட்டா சேஃப்டி’ படிவம். இங்கேதான் பலர் தெரியாமலே பொய் சொல்கிறார்கள். நீங்கள் எதையும் எடுக்காமல் இருக்கலாம், ஆனால் உள்ளே சேர்த்த விளம்பரக் கருவி போனின் விளம்பர அடையாள எண் போன்றவற்றை எடுக்கும். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வயது மதிப்பீட்டுக்கு ஒரு கேள்வித்தாள் உண்டு. குழந்தைகளுக்கான ஆப் என்று குறித்தால் விதிகள் இன்னும் இறுகும்.

கடைப் பக்கத்துக்கு ஆப் பெயர் 30 எழுத்துக் குறிகள், சிறு விளக்கம் 80, முழு விளக்கம் 4,000 வரை. தமிழில் ‘கு’ என்பது நம் கண்ணுக்கு ஒரு எழுத்து, கம்ப்யூட்டருக்கு இரண்டு குறி. அதனால் தமிழ்ப் பெயர் நினைப்பதைவிடச் சீக்கிரம் முட்டிவிடும். ஐகான் 512-க்கு 512 பிக்சல், மேலே வரும் பேனர் படம் 1,024-க்கு 500. ஸ்கிரீன்ஷாட்டில் ஆப்பில் உண்மையாக இருப்பதையே காட்டுங்கள். எல்லாம் கொடுத்த பிறகு பரிசீலனை. சில நாட்கள் ஆகலாம், 7 நாளைத் தாண்டவும் செய்யும். பொங்கல் அன்று வெளியிடணும் என்றால் மார்கழி பாதியிலேயே கொடுத்துவிடுங்கள்.

காப்பி அடிப்பது எதுவரை?

2014 பிப்ரவரியில் ‘த்ரீஸ்’ என்ற எண் புதிர் வந்தது. அதைச் செதுக்க 14 மாதம் ஆனதாக அதன் படைப்பாளிகள் சொன்னார்கள். அடுத்த மாதமே, 19 வயது இத்தாலிய இளைஞர் கேப்ரியேல் சிருல்லி, அதே பாணியில் ஒரு வார இறுதியில் ‘2048’-ஐச் செய்து இலவசமாக விட்டார். உலகம் விளையாடியது இரண்டாவதைத்தான். பிறகு அந்த 2048-ஐயே காப்பி அடித்த ஆப்கள் கடைகளில் குவிந்தன.

ஒரு கேமின் விதிக்குக் காப்புரிமை கோருவது கடினம் என்பதால் இப்படி நடக்கிறது. ஆனால் படம், இசை, பெயர், லோகோ எல்லாம் வேறு கதை. ஹீரோ படம் போட்ட ஐகான், சினிமா பிஜிஎம், கூகுளில் தேடி எடுத்த ஓவியம் ஆகியவற்றைச் சேர்த்தால், உரிமையாளர் ஒரு புகார் கொடுத்ததும் ஆப் காணாமல் போகும். திரும்பத் திரும்ப நடந்தால் கணக்கே போகும். புளியங்கொட்டையை நீங்களே போட்டோ எடுங்கள், மரப்பலகையில் காய் விழும் சத்தத்தைப் போனிலேயே பதிவு செய்யுங்கள். அதுதான் உங்கள் கேமுக்குத் தனி முகம் தரும்.

சரி, காசு வருமா?

வரலாம். முதல் மாதம் டீ செலவுக்கு வந்தாலே சந்தோஷப்படுங்கள். வழிகள் மூன்று: விளம்பரம், ஆப்புக்குள் விற்பனை, ஆப்பையே விற்பது. விற்பனையில் கடைகள் கமிஷன் எடுக்கும். 2021-ல் ஆப்பிளும் கூகுளும், ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குள் சம்பாதிக்கும் சிறியவர்களுக்குக் கமிஷனை 30-ல் இருந்து 15 சதவிகிதமாகக் குறைத்தன.

விளம்பரத்துக்குப் பலரும் போவது கூகுளின் ஆட்மாப். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் கைக்கு வரும். சோதிக்கும்போது டெஸ்ட் விளம்பரங்களை மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் ஆப்பின் விளம்பரத்தை நீங்களே தட்டுவதும், ‘மச்சி, ஒரு கிளிக் போடேன்’ என்று நண்பர்கள் குரூப்பில் கேட்பதும் கணக்கை முடக்கும் வழிகள். பல மாத உழைப்பு அந்த ஒரு மெசேஜில் போய்விடும்.

‘ஜெயிச்சா பணம்’ என்று ஐடியா வைத்திருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. அதில் இருப்பது அபராதம் மட்டுமல்ல, சிறையும்தான்.

வெளியிட்ட மறுநாள்

முதல் ஒரு ஸ்டார் விமர்சனம் வரும். மனசு உடையும். இரண்டு நாள் கழித்துத் திரும்பப் படியுங்கள். ‘வேஸ்ட் ஆப்’ என்று மட்டும் இருந்தால் கடந்துபோங்கள். ‘திறந்தா மூடிக்குது’ என்று இருந்தால், பிளே கன்சோலில் எந்தப் போனில், எந்த வரியில் ஆப் விழுந்தது என்று பாருங்கள். சரிசெய்து அவருக்குப் பதில் எழுதுங்கள். ஸ்டாரைக் கூட்டுபவர்களும் உண்டு.

ஆண்ட்ராய்டு மாற மாற, ஆப்பும் புதிய பதிப்புக்கு ஏற்பத் தயாராக வேண்டும் என்று கூகுள் ஆண்டுதோறும் கெடு வைக்கிறது. கவனிக்காமல் விட்டால், புதிய போன் வாங்கியவர்களின் கண்ணுக்கு உங்கள் ஆப் கடையில் தெரியவே தெரியாது. யாரும் நீக்காமலே காணாமல் போகும். வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து தூசு தட்ட வேண்டும்.

நம் கண்முன்னே ஒரு உதாரணம் உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், பட்டன் போன் காலத்தில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வந்தது. பட்டன் போய் டச் வந்தது, ஐபோன் வந்தது, ஆண்ட்ராய்டு வந்தது. ஒவ்வொரு முறையும் அதுவும் மாறிக்கொண்டே வந்தது. ஃப்ளாப்பி பேர்ட் போல ஒரு மாதப் புயல் அல்ல. கூடவே இருந்து பார்த்துக்கொண்டதால் நின்ற ஆப்.

அதனால் ‘எத்தனை லட்சம் டவுன்லோடு?’ என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்த வாரம் ஒரு தாள், அடுத்த மாதத்துக்குள் ஒரு திரை, பிறகு 12 பேர், 14 நாள். உங்கள் பல்லாங்குழியை அம்மாச்சி இரண்டாவது முறை, நீங்கள் கேட்காமலே திறந்து ஆடினால், உங்கள் முதல் ஆப் ஹிட்!